பிரசவ அறை கவனிப்பும் குழந்தையின் மூளையும்: போடிமெட்டு மலைக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

போடிநாயக்கனூரில் இருந்து கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் போடிமெட்டு. சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி பகுதிகளில் ஏலத்தோட்டத்தையும் தேயிலை எஸ்டேட்டையும் நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த எல்லை பெரிய விஷயமே இல்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும்தான். தேனி மாவட்டத்தில் இருந்து தினமும் காலையில் ஜீப்பில் ஏறி மலைக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களும் உண்டு.

ஆனால் வீட்டில் ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டால், அந்த எல்லை திடீரென்று பெரிதாகிவிடுகிறது. "கீழ தேனிக்கு இறக்கிடலாமா, இல்ல மேலயே பார்த்துக்கலாமா?" என்ற கேள்வி எழுகிறது. அந்த முடிவை எடுக்கும்போது பெரும்பாலான குடும்பங்கள் நினைப்பது இரண்டு உயிர்களை. உயிரோடு சேர்த்து இன்னொன்றும் அந்த சில மணி நேரங்களில் தீர்மானமாகிறது. அது குழந்தையின் மூளை.

பிரசவ கவனிப்பின் தரத்துக்கும் நரம்பியல் பாதிப்புகளுக்கும் உள்ள தொடர்பு குறித்து கடந்த 20 ஆண்டுகளில் முக்கியமான ஆய்வுகள் வந்துள்ளன. அவற்றில் சில நம் ஊர் மருத்துவமனைகளிலேயே நடந்தவை. அவை என்ன சொல்கின்றன, நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

மரணம் கணக்கில் வருகிறது, மூளை பாதிப்பு?

முதலில் ஒரு நல்ல செய்தி. பிரசவத்தில் தாய் இறப்பது தென் மாநிலங்களில் வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்திய அரசின் மாதிரிப் பதிவு முறையின் 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு கேரளத்தில் 19 தாய்மார்களும் தமிழ்நாட்டில் 54 தாய்மார்களும் இறந்தனர். இந்திய சராசரி 97.

இது தானாக நடந்துவிடவில்லை. கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பு, 2004 முதல் ஒவ்வொரு தாய் மரணத்தையும் பெயர் வெளியிடாமல் ஆராயத் தொடங்கியது. "யார் தப்பு?" என்று கேட்காமல், "எங்கே தாமதம் ஆனது, எதைச் செய்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்?" என்று கேட்டார்கள். தமிழ்நாட்டிலும் தாய் மரணங்களை மாவட்ட அளவில் ஆய்வு செய்யும் வழக்கம் உண்டு.

ஆனால் ஒரு குழந்தை உயிரோடு பிறந்து, மூளையில் பாதிப்போடு வீட்டுக்குப் போனால், அந்தக் கதை வேறு மாதிரி போகிறது. பிரசவப் பதிவேட்டில் அது வெற்றிகரமான பிரசவம். ஒரு வயதாகியும் குழந்தை உட்காரவில்லை என்று குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுவார்கள். மூன்று வயதில் வலிப்புக்கு நரம்பியல் மருத்துவர். ஐந்து வயதில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வேறு அலுவலகம். இந்த நாலு இடத்துக் காகிதங்களும் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்வதில்லை. அதனால் அந்தப் பாதிப்பு தொடங்கிய இடத்துக்குத் தகவல் திரும்பிப் போவதும் அரிது. குறையைத் திருத்த முதலில் அது தெரியவேண்டும் அல்லவா?

பிரசவ வலியின்போது குழந்தையின் மூளைக்கு என்ன நடக்கிறது?

வயிற்றில் இருக்கும் குழந்தை தானாக மூச்சு விடுவதில்லை. அதற்குத் தேவையான ஆக்சிஜன், நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தத்தில் இருந்து போகிறது. ஒவ்வொரு முறை வலி வரும்போதும் கர்ப்பப்பை இறுகும். அந்த ஒரு நிமிடம் நஞ்சுக்கு வரும் இரத்தம் குறையும். வலி விட்டதும் இரத்தம் மறுபடி பாயும், குழந்தை சுதாரித்துக்கொள்ளும். ஆரோக்கியமான குழந்தை இதை மணிக்கணக்கில் தாங்கும்.

சிக்கல் எப்போது என்றால், இந்த இடைவெளி கிடைக்காதபோது. வலி விட்டு விட்டு வராமல் அடுத்தடுத்து வந்தால், பிரசவம் அளவுக்கு மீறி இழுத்துக்கொண்டே போனால், தொப்புள் கொடி அழுந்தினால், நஞ்சு முன்கூட்டியே பிரிந்தால், குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும். அப்போது அதன் இதயத்துடிப்பு மாறும். வெளியே இருக்கும் நமக்கு அது கொடுக்கும் முக்கியமான சமிக்ஞை அதுதான்.

அதைக் கவனிக்காமல் விட்டால் குழந்தை அழாமல், துவண்டுபோய்ப் பிறக்கலாம். முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், பால் குடிக்காது, மயக்கத்திலேயே இருக்கும். இந்த நிலையை மருத்துவர்கள் பச்சிளம் குழந்தை மூளைச் செயலிழப்பு என்கிறார்கள். 2010-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 11.5 லட்சம் குழந்தைகளுக்கு இது ஏற்பட்டதாகவும், அதில் 96 சதவீதம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் என்றும் 2013-ல் வெளியான ஒரு உலக அளவிலான மதிப்பீடு சொல்கிறது. இவர்களில் பிழைப்பவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் மூளை முடக்குவாதம், வலிப்பு நோய், கற்றல் குறைபாடு, பார்வை அல்லது செவித்திறன் பாதிப்பு வருகிறது.

அப்படியானால் எல்லா மூளை முடக்குவாதமும் பிரசவக் கோளாறா?

இல்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது அவசியம்.

கடினமான பிரசவத்துக்கும் குழந்தைகளின் கைகால் முடக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1862-ல் எழுதினார். பின்னாளில் மனப்பகுப்பாய்வுக்குப் பெயர் பெற்ற சிக்மண்ட் பிராய்டு, அப்போது நரம்பியல் மருத்துவர். அவர் 1897-ல் எதிர்க்கேள்வி கேட்டார்: பிரசவம் கடினமானதால் மூளை பாதித்ததா, இல்லை ஏற்கெனவே வயிற்றில் பாதிப்படைந்த குழந்தை என்பதால் பிரசவம் கடினமானதா?

1986-ல் கரின் நெல்சன், ஜோனஸ் எல்லன்பெர்க் இருவரும் அமெரிக்காவில் பல்லாயிரம் பிறப்புகளை அலசி வெளியிட்ட ஆய்வு, மூளை முடக்குவாதத்தில் பெரும்பகுதிக்குப் பிரசவ நேர மூச்சுத்திணறல் காரணம் இல்லை என்று காட்டியது. குறைமாதப் பிறப்பு, கர்ப்பகாலத் தொற்று, வயிற்றிலேயே வளர்ச்சி குன்றுதல், மரபணுக் காரணங்கள் எல்லாம் இதில் சேரும். பிறந்த பிறகு கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சள் காமாலையும் மூளைக்காய்ச்சலும்கூடக் காரணமாகலாம்.

ஆகவே ஒரு குழந்தைக்குப் பாதிப்பு என்றவுடன் "நர்ஸம்மா சரியா பார்க்கல" என்று முடிவுகட்டுவதும் தவறு. "இவ கிரகணத்துல வெளிய வந்தா, அதான்" என்று தாயைக் குற்றம் சொல்வதும் தவறு. அதே சமயம், பிரசவ அறையில் தடுக்கக்கூடிய பங்கு ஒன்று உண்டு. கண்காணிப்பு குறைவான இடங்களில் அந்தப் பங்கு இன்னும் பெரிது.

பிறந்த பிறகு சிகிச்சை கொடுத்துச் சரிசெய்ய முடியாதா?

இந்த இடத்தில்தான் நம் பகுதிக்கான மிக முக்கியமான ஆய்வு வருகிறது.

மூச்சுத்திணறலோடு பிறந்த குழந்தையின் உடலைப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் சுமார் 33.5 டிகிரிக்குக் குளிர்வித்து, 72 மணி நேரம் அப்படியே வைத்திருப்பது ஒரு சிகிச்சை. 2005-ல் அமெரிக்காவில் சீதா சங்கரன் தலைமையிலான குழுவும், 2009-ல் பிரிட்டன் குழுவும் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பிறகு, பணக்கார நாடுகளில் இது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. இந்தியாவிலும் பல மருத்துவமனைகள் இதைத் தொடங்கின.

அங்கே பலித்தது இங்கேயும் பலிக்குமா என்று பார்க்க, லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தய்யில் தலைமையில் 'ஹீலிக்ஸ்' என்ற ஆய்வு நடந்தது. சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேச நகரங்களில் உள்ள 7 பெரிய மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பங்கேற்றன. 2015 முதல் 2019 வரை 408 குழந்தைகள் சேர்க்கப்பட்டு, 18 மாத வயதுவரை கவனிக்கப்பட்டார்கள்.

2021-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த முடிவு பலருக்கு அதிர்ச்சி. மரணம் அல்லது கடும் பாதிப்பு, குளிர்வித்த குழந்தைகளில் 50 சதவீதம், குளிர்விக்காதவர்களில் 47 சதவீதம். அதாவது பலன் இல்லை. மரணத்தை மட்டும் தனியாகப் பார்த்தால், குளிர்வித்தவர்களில் 42 சதவீதம், மற்றவர்களில் 31 சதவீதம். நல்லது செய்யும் என்று நினைத்த சிகிச்சை, இந்தச் சூழலில் மரணத்தைக் கூட்டியது. தெற்காசியா போன்ற இடங்களில் இதை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள்.

ஏன் இப்படி? இந்தக் குழந்தைகளின் மூளை ஸ்கேன்களும், 2024-ல் வெளியான மரபணுச் செயல்பாட்டு ஆய்வும் ஒரு விளக்கத்தை நோக்கி விரல் நீட்டுகின்றன. பணக்கார நாட்டுக் குழந்தைகளில் பாதிப்பு பெரும்பாலும் கடைசி நேரத்தில், சட்டென்று நடந்தது. நம் பகுதிக் குழந்தைகளில் ஆக்சிஜன் குறைவு கர்ப்பகாலத்திலும் பிரசவத்திலும் விட்டுவிட்டு, நீண்ட நேரம் நீடித்திருப்பதற்கான அடையாளங்கள் தெரிந்தன. பிறந்த பிறகு குளிர்விக்கும்போது காலம் கடந்துவிட்டது.

இதன் பொருள் எளிமையானது. பிறந்த பிறகு இயந்திரத்தை நம்புவதைவிட, பிறப்பதற்கு முன்பான கவனிப்பைச் சரிசெய்வதுதான் நம் குழந்தைகளின் மூளைக்குப் பாதுகாப்பு.

தரமான பிரசவ கவனிப்பு என்றால் ஏசி அறையா?

இல்லை. ஆய்வுகள் சொல்லும் தரம் மிகச் சாதாரணமான விஷயங்களில் இருக்கிறது.

குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பது: வலி தீவிரமான முதல் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் கேட்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்குக் கையடக்க டாப்ளர் கருவி ஒன்று போதும். ஆனால் அதை வைத்துக் கேட்க ஆள் வேண்டும். ஒரே நர்ஸ் ஐந்து பிரசவங்களைப் பார்த்தால் அது நடக்காது.

பிரசவ வரைபடம்: கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, தாயின் நாடி, இரத்த அழுத்தம், குழந்தையின் துடிப்பு எல்லாவற்றையும் ஒரே தாளில் நேரம் போட்டு எழுதுவது. பிரசவம் முடிந்த பிறகு மொத்தமாக நிரப்பினால் அந்தத் தாளால் பயன் இல்லை.

வலி ஊசியில் கவனம்: பிரசவத்தை வேகப்படுத்த ஆக்சிடோசின் மருந்து தேவைப்படும் நேரங்கள் உண்டு. ஆனால் அளவு பார்க்காமல், துடிப்பைக் கண்காணிக்காமல் கொடுத்தால், வலிக்கு நடுவில் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய மூச்சு வாங்கும் இடைவெளி போய்விடும். "சீக்கிரம் ஊசி போட்டு முடிச்சு விடுங்க" என்று குடும்பத்தினரே அவசரப்படுத்துவது ஆபத்து.

கூட ஒரு பெண்: பிரசவ அறையில் தாயோ அக்காவோ மாமியாரோ உடன் இருந்தால் பிரசவம் சுமுகமாவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை அனுமதிக்கும் திட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது. கேட்கத் தயங்க வேண்டாம்.

பொன்னான ஒரு நிமிடம்: குழந்தை பிறந்து அழவில்லை என்றால், ஒரு நிமிடத்துக்குள் துடைத்து, தூண்டி, தேவைப்பட்டால் பையும் முகமூடியும் வைத்து மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும். இதற்கான பயிற்சித் திட்டத்தை மத்திய அரசு 2009-ல் தொடங்கியது. தலைகீழாகப் பிடித்து முதுகில் அடிப்பது பழைய கதை, செய்யக் கூடாதது.

இந்த சாதாரண விஷயங்களை ஒன்றாகக் கட்டிச் செய்தால் மூளை பாதிப்பும் பின்னாளைய வலிப்பு நோயும் குறையுமா என்று அறியவே, அதே சுதின் தய்யில் குழு 'பிரிவென்ட்' என்ற ஆய்வைத் தொடங்கியது. தென்னிந்திய அரசு மருத்துவமனைகளில் சுமார் 80,000 பெண்களை உள்ளடக்கும் திட்டம் இது. பிரசவத் துணை, மின்னணு பிரசவ வரைபடம், துடிப்புக் கண்காணிப்பு, மூளையைக் கருத்தில் கொண்ட மூச்சு மீட்பு ஆகியவை இதில் அடங்கும். புது மருந்து எதுவும் இல்லை. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017 டிசம்பரில் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டமும் இதே திசையில்தான் செல்கிறது.

தாயின் மூளைக்கும் நரம்புக்கும் என்ன ஆபத்து?

பேச்சு எப்போதும் குழந்தையைப் பற்றியே இருக்கும். தாய்க்கு வரும் நரம்பியல் சிக்கல்கள் மூன்றை நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஒன்று, இரத்த அழுத்தத்தால் வரும் கர்ப்பகால வலிப்பு. முகமும் கையும் வீங்குதல், விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி ஆகியவை அறிகுறிகள். இதை ஊரில் "ஜன்னி" என்றும் "காத்து கருப்பு" என்றும் சொல்லித் தாயத்து கட்டப் போய்விடுவார்கள். 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-ல் வெளியான 'மேக்பை' ஆய்வு, மெக்னீசியம் சல்பேட் ஊசி இந்த வலிப்பு அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைப்பதைக் காட்டியது. விலை குறைந்த மருந்து. குறைமாதப் பிரசவம் தவிர்க்க முடியாதபோது அதே மருந்தைத் தாய்க்குக் கொடுத்தால், குழந்தைக்கு மூளை முடக்குவாதம் வரும் வாய்ப்பும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

இரண்டு, பிரசவத்துக்குப் பின் மூளைச் சிரைகளில் இரத்தம் உறைதல். தமிழ்நாட்டைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கே. ஸ்ரீனிவாசன், கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்பும் மூளை இரத்தக்குழாய் அடைபட்ட 135 பெண்களைப் பற்றி 1983-ல் வெளியிட்ட ஆய்வு உலக அளவில் மேற்கோள் காட்டப்படுவது. பிள்ளை பெற்ற பெண்ணின் இரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் தன்மையோடு இருக்கும். அதோடு "பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணி கொடுக்காதே, வயிறு போட்டுடும்" என்று தண்ணீரைக் குறைத்தால் ஆபத்து கூடுகிறது. தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும், எழுந்து நடக்கட்டும். பிரசவமான சில வாரங்களுக்குள் கடுமையான தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் கைகால் வராமல் போவது என்றால் அன்றே பெரிய மருத்துவமனை.

மூன்று, ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ள பெண்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் டாக்டர் சஞ்சீவ் வி. தாமஸ் 1998-ல் கேரள வலிப்பு நோய் - கர்ப்பப் பதிவேட்டைத் தொடங்கினார். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே பெண்களைப் பதிவு செய்து, பிறந்த குழந்தைகளின் வளர்ச்சி வரை தொடர்ந்து பார்க்கும் முயற்சி அது. இவர்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தை பெறுகிறார்கள் என்பது முதல் செய்தி. கர்ப்பத்தின்போது கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வலிப்பு வந்தது. கர்ப்பமாவதற்கு முந்தைய மாதத்தில் வலிப்பு வந்த பெண்களுக்கே அந்த வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பது இரண்டாவது. எனவே வலிப்பைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு கர்ப்பம் தரிப்பது நல்லது.

மருந்திலும் கவனம் வேண்டும். வால்ப்ரோயேட் என்ற மாத்திரையைக் கர்ப்பத்தில் எடுத்தால் சுமார் 10-ல் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம் என்று பெரிய பதிவேடுகள் காட்டுகின்றன. 2013-ல் வெளியான அமெரிக்க - பிரிட்டன் ஆய்வில், அந்த மருந்தை எடுத்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு 6 வயதில் அறிவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிட 8 முதல் 11 புள்ளிகள் குறைவாக இருந்தது. இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தினால் கடும் வலிப்பு வந்து தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். கல்யாணம் பேசும்போதே நரம்பியல் மருத்துவரைப் பார்த்து மருந்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். போலிக் அமில மாத்திரையும் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று மறைப்பதால்தான் பல பெண்கள் மூன்றாவது மாதம்வரை மருத்துவரிடமே போவதில்லை. அதற்குள் குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகி முடிந்திருக்கும்.

எல்லையில் இருப்பவர்களுக்குத் தனியாக என்ன சிக்கல்?

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். பூப்பாறைக்கு வாக்கப்பட்ட போடிப் பெண், வளைகாப்பு முடிந்ததும் கீழே வந்துவிடுவார். ஏழு மாதம்வரை பார்த்த இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், இரத்த அழுத்தக் குறிப்பு எல்லாம் கேரளத்தில். பிரசவம் தமிழ்நாட்டில். மறுபக்கம் மலையிலேயே தாய்வீடு என்றால் இது தலைகீழாக நடக்கும். இரண்டு மாநிலத்துக் கணினிப் பதிவும் வேறு வேறு. பிரசவ அறையில் இருக்கும் மருத்துவருக்கு இந்தப் பெண்ணின் பழைய கதை தெரியாது.

இதற்கு நீங்கள் செய்யக்கூடியவை:

வளைகாப்புச் சீரோடு மருத்துவக் கோப்பையும் கட்டுங்கள். தாய்-சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன் அறிக்கை, இரத்தவகை, எடுக்கும் மாத்திரைகளின் பெயர் அனைத்தும் மூலப்பிரதியாக இருக்கட்டும். கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

தமிழ்நாட்டில் பிரசவம் என்றால், அங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே பதிந்து 'பிக்மி' எண் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அது தேவை.

எங்கே பிரசவம் என்பதை எட்டாவது மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். கேரளப் பக்கம் அடிமாலி, நெடுங்கண்டம் தாலுகா மருத்துவமனைகளும் இடுக்கி மருத்துவக் கல்லூரியும் உள்ளன. கீழே போடி அரசு மருத்துவமனை, அதைத் தாண்டி கானாவிலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. போடிமெட்டில் இருந்து அது சுமார் 50 கிலோமீட்டர். அதில் பாதி மலைப்பாதை. மழையும் மூடுபனியும் சேர்ந்தால் நேரம் கணக்கில்லை.

இரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன், வலிப்பு நோய் போன்றவை இருந்தால் வலி வரும்வரை மலையில் காத்திருக்க வேண்டாம். தேதிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே பெரிய மருத்துவமனைக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

108-ஐ அழைக்கும்போது நிற்கும் இடம் எந்த மாநிலம் என்பதை முதலில் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, வாகனம் எல்லாம் இலவசம் என்பதை 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் உறுதி செய்கிறது.

குழந்தையின் அசைவு குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாக வந்தாலோ, இரத்தப்போக்கு இருந்தாலோ "விடியட்டும், ஜீப் வரட்டும்" என்று இருக்காதீர்கள்.

இது இடுக்கி எல்லையின் பிரச்சனை மட்டும் இல்லை. பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் 2013-ல் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாடு முழுவதும் பேசப்பட்டது. தாயின் இரத்தசோகையும், குழந்தை எடை குறைந்து பிறப்பதும் அங்கே முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இறந்த குழந்தைகளைப் பற்றி விவாதம் நடந்தது. அதே எடைக் குறைவோடு பிழைத்த குழந்தைகளின் வளர்ச்சியையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டியிருக்கிறது. கர்ப்பத்தில் தொடங்கும் குறையைப் பிரசவ அறை மட்டும் தனியாகச் சரிசெய்ய முடியாது என்பதற்கு அட்டப்பாடி ஒரு பாடம்.

வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

மஞ்சள் காமாலை: பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், அல்லது உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள் இறங்கினால் அது அவசரம். "காலை வெயில்ல காட்டினா போதும்" என்று விட்டால், கடும் மஞ்சள் மூளையில் படிந்து நிரந்தரப் பாதிப்பை ஏற்படுத்தலாம். நீல விளக்கு சிகிச்சை சில நாட்களில் இதைச் சரிசெய்யும்.

தைராய்டு பரிசோதனை: இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு குழந்தை தைராய்டு குறைபாட்டோடு பிறக்கிறது. முதல் சில வாரங்களில் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் மூளை வளர்ச்சி இயல்பாக இருக்கும். விட்டுவிட்டால் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. குதிகாலில் இருந்து சில சொட்டு இரத்தம் போதும். டிஸ்சார்ஜ் ஆகும் முன் "தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேளுங்கள்.

வளர்ச்சி: நாலு மாதத்தில் தலை நிற்கவில்லை, கை எப்போதும் முட்டி பிடித்தே இருக்கிறது, ஒன்பது மாதத்தில் தானாக உட்காரவில்லை, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துகிறது என்றால் உடனே காட்டுங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாதான் நடந்தான்" என்ற சமாதானம் வேண்டாம்.

குனிந்து எழும் வலிப்பு: மூன்று மாதம் முதல் ஒரு வயதுக்குள், தூங்கி எழும்போது குழந்தை தொடர்ந்து தலையைக் குனிந்து கைகளை விரித்து விரித்து எடுக்கிறதா? வயிற்று வலி என்றும் உரம் விழுந்தது என்றும் பலர் நினைத்துவிடுகிறார்கள். இது ஒரு தீவிர வலிப்பு வகை. சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் மூளை வளர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கும். அந்த அசைவைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. இயன்முறை, பேச்சுப் பயிற்சி எல்லாம் அங்கே இலவசம். பிறந்தபோது அழாத குழந்தை, ஐசியுவில் இருந்த குழந்தை, குறைமாதக் குழந்தை என்றால், அறிகுறி தெரியும்வரை காத்திராமல் முதல் ஆண்டிலேயே அங்கே பதிவு செய்துகொள்ளலாம். பாதிப்பு உறுதியானால், மூளை முடக்குவாதம் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

பிரசவ அறையில் கேட்க வேண்டிய கேள்விகள்

கேள்வி கேட்டால் திட்டுவார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. மரியாதையாகக் கேட்பது உங்கள் உரிமை. துணைக்குப் போகும் பெண் இந்த நான்கையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளட்டும்:

"சிஸ்டர், குழந்தையோட துடிப்பு எப்படி இருக்கு? கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"இப்போ போடுற ஊசி எதுக்கு?"

"அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்குமா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, மலை இறங்க நேரம் ஆகும்."

"குழந்தை பொறந்ததும் அழுததா? எத்தனை நிமிஷத்துல?"

கடைசிக் கேள்விக்கான பதிலை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். பிற்காலத்தில் குழந்தையைப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும், எந்த மாநிலத்தில் இருந்தாலும், முதலில் தேவைப்படும் தகவல் அதுதான்.